வீட்டில் பிள்ளை வளர்த்தது அனுபவக் கணக்கில் வருமா? பிள்ளை பார்க்கும் வேலை தேடுகிறேன்

மல்லிகைப்பந்தல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியாயிற்று. சின்னவளும் போன மாதம் விடுதிக்குப் போய்விட்டாள். நடுவில் மூன்று வருடம் தங்கையின் இரட்டையர்களையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவளுடைய பிரசவ விடுப்பு முடிந்த ஐந்தாம் மாதத்தில் என் கைக்கு வந்தார்கள். சம்பளத்துக்கு இதுவரை ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. இப்போது பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.

இரண்டு வீடு போய்ப் பார்த்தேன். முதல் வீட்டில் "அனுபவம் எத்தனை வருடம்?" என்றார்கள். "வீட்டில்தான்..." என்று இழுத்தேன். அந்த அம்மாவுக்கு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், "ஓ, வீட்டிலா" என்று! அதோடு பேச்சு முடிந்தது.

இரண்டாவது வீட்டில் "ஒரு நாள் வந்து இருந்து பாருங்கள்" என்றார்கள். காலை எட்டு மணிக்குப் போனவள் இரவு எட்டுக்குத்தான் கிளம்பினேன். குழந்தையோடு இருந்தது ஐந்து மணி நேரம் இருக்கும். மிச்ச நேரமெல்லாம் பாத்திரமும் துணியும். கிளம்பும்போது "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆயிற்று, ஒரு தகவலும் இல்லை. அன்றைக்குக் கையில் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

சொந்தப் பிள்ளை, தங்கை பிள்ளை வளர்த்ததை அனுபவம் என்று சொல்லிக்கொள்ளலாமா? அப்புறம் இந்த "வந்து இருந்து பார்க்கிற நாள்", அது எல்லா இடத்திலும் இப்படித்தானா?

பதினோரு_பிள்ளைக்காரி

அக்கா, முதலில் அந்த "வீட்டில்தான்" என்பதில் இருக்கும் "தான்"-ஐ எடுத்துவிடுங்கள். அதை நீங்களே போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் சிரித்தார்கள் என்று வருத்தப்பட்டால் எப்படி?

நான் 19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்போது பார்ப்பது பதினோராவது பிள்ளை. (பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், நான் பெற்றது இரண்டே.) நானும் அக்கா மகனிலிருந்து ஆரம்பித்தவள்தான். இன்றைக்கு இரவு ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். எத்தனை மாதத்தில் வாங்கினீர்கள், எத்தனை வயதில் விட்டீர்கள், தினம் எத்தனை மணி நேரம். புட்டிப்பாலா, எடுத்து வைத்த தாய்ப்பாலா. திட உணவை ஆரம்பித்தது யார். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவனை எங்கே வைத்தீர்கள். டயபரை விட வைத்தது யார். எழுதி முடித்துவிட்டு நீங்களே படித்துப் பாருங்கள். இரட்டையரை மூன்று வருடம் முழுநேரம் சமாளித்தவர் இந்தத் தொழிலிலேயே அதிகம் கிடையாது. ஆள் கேட்டால், "ஐந்தாம் மாதத்திலிருந்து மூன்று வயது தாண்டும்வரை இரட்டையரைப் பார்த்துக்கொண்டேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். யார் பிள்ளை என்று கேட்டால் தங்கை பிள்ளை என்று சொல்லுங்கள். மறைக்கச் சொல்லவில்லை. அதை முதல் வாக்கியமாக வைக்க வேண்டாம் என்கிறேன்.

இடிக்கப்போவது வேறு ஒன்று. உங்களைப் பற்றிச் சொல்ல வெளியாள் வேண்டும். தங்கை சொல்வதை யாரும் அரைக்காதால்தான் கேட்பார்கள். அதனால் முழுநேர வேலைக்குத் தாவுவதற்கு முன், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களாக இரண்டு வீட்டில் மாலை இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். இரண்டு மாதம் போதும். சம்பளத்தோடு ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். "யாராவது கேட்டால் உங்கள் எண்ணைக் கொடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, பிறகு கொடுங்கள். கேட்காமல் கொடுத்தால், வேலைக்கு நடுவில் முன்பின் தெரியாத ஆள் கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்துவிட்டு அந்தக் கோபத்தில் உங்களைப் பற்றியும் ஏதாவது சொல்லிவிடுவார்கள். எனக்கு நடந்திருக்கிறது.

அந்த இருந்து பார்க்கிற நாளைப் பற்றி: அது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. முந்தின நாள் போனிலேயே "எத்தனை மணி நேரம், அதற்கு எவ்வளவு?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். இரண்டு கேள்வியாகப் பிரித்தால் இரண்டாவது தொண்டையில் நின்றுவிடும். மூன்று மணி நேரம் போதும், அதற்குள் பிள்ளைக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் கேட்பவர்களுக்கு அன்றைக்கு வீட்டில் வேலைக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம்.

நேர்படப்பேசு

எல்லோரும் ஒரே பக்கம் பேசினால் இழை சப்பென்று இருக்கும், அதனால் நான் எதிர்ப்பக்கம்.

யாரென்றே தெரியாத ஆளை வீட்டுக்குள் விட்டு, பெற்ற பிள்ளையைக் கையில் கொடுக்கிறோம். பிடிக்கிறதா இல்லையா என்று ஒரு நாள் பார்ப்பதற்கும் காசா? இன்னொன்று. பிள்ளை பகலில் இரண்டு மூன்று மணி நேரம் தூங்குகிறது. அப்போது ஆள் சும்மா உட்கார்ந்து போனைத்தான் பார்க்கிறார். அந்த நேரத்தில் நாலு பாத்திரம் கழுவினால் குறைந்தா போய்விடும்? சம்பளம் பத்து மணி நேரத்துக்கு வாங்குகிறார், வேலை ஏழு மணி நேரம்.

பதினோரு_பிள்ளைக்காரி

@நேர்படப்பேசு: சும்மா உட்கார்ந்திருக்கும் கதையைக் கேளுங்கள், ஐயா.

நான் பார்த்த ஏழாவது பிள்ளைக்கு அப்போது பதினோரு மாதம். தூங்க வைத்துவிட்டுப் பால்புட்டிகளைக் கொதிநீரில் போட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எட்டிப்பார்ப்பது என் பழக்கம். இரண்டாம் தரம் போனபோது பிள்ளை எழுந்து நின்றுகொண்டிருந்தது. சத்தமே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் திரையின் இழுகயிற்றை எட்டிப்பிடித்து மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தக் கட்டிலை இரண்டு அடி தள்ளிப்போட வேண்டும் என்று அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அன்றைக்கு நான் அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால் எட்டிப்பார்த்திருப்பேனா?

பிள்ளையின் புட்டி, கிண்ணம், பிள்ளையின் துணி, விளையாடிய இடம், இதெல்லாம் என் வேலை. செய்கிறேன், முகம் சுளிக்காமல் செய்கிறேன். உங்கள் வீட்டுப் பாத்திரம் வேறு வேலை. அதற்கும் ஆள் வேண்டுமென்றால் அதையும் சொல்லி, அதற்கும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள். ஒத்துக்கொள்பவர் ஒத்துக்கொள்வார்.

சட்டம்_கொஞ்சம்_தெரியும்

இந்தத் தூங்குகிற நேர வழக்கு உலக அளவில் பேசி முடித்த விஷயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. எண் 189. பிள்ளை பார்ப்பவர்களும் அதற்குள் வருகிறார்கள். 10-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், பணியாளர் தன் நேரத்தைத் தன் இஷ்டப்படி செலவழிக்க முடியாமல், கூப்பிட்டால் வர வேண்டிய நிலையில் இருந்தால் அந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கருத வேண்டும். எந்த அளவுக்கு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும். பிள்ளை தூங்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்வர முடியுமா? முடியாது. அப்படியானால் அது ஓய்வு நேரம் ஆகாது.

வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு, குறைந்தது மாதத்துக்கு ஒரு தரம் சம்பளம், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதை முன்கூட்டியே புரியும்படி, முடிந்தால் எழுத்தில், சொல்லிவிடுவது, இவையும் அதில் இருக்கின்றன. 2013 செப்டம்பர் 5 முதல் நடைமுறையில் உள்ளது. முதலில் ஒப்புக்கொண்ட நாடு உருகுவே. ஆனால் ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும், அதனால் இழை தொடங்கியவர் தன் ஊர்ச் சட்டத்தைத் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நேர்படப்பேசு

சரி சரி, ஜெனீவாக்காரர்கள் வந்து என் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவட்டும் :)

கயிற்றுக் கதை மட்டும் யோசிக்க வைத்தது. இப்போதுதான் போய்க் கட்டிலைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்தேன். சம்பள விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். "அந்த மாதிரி ஆட்கள்" என்று எழுதினால் இனியும் நீக்குவேன். இழை தொடங்கியவர் வேலை தேடி வந்திருக்கிறார், அதைப் பேசுவோம்.

தூக்கம்கெட்ட_அப்பா

ஆள் வைக்கிற பக்கத்திலிருந்து ஒருவன். போன வருடம் ஏழு பேரைப் பார்த்தோம். ஏழு பேரிடமும் என் மனைவி ஒரே கேள்வி கேட்டாள்: "டிவி ரிமோட் திறந்து கிடக்கிறது. உள்ளே இருந்த வட்ட பேட்டரியைக் காணோம். பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறது. என்ன செய்வீர்கள்?"

மூன்று பேர் "உங்களைக் கூப்பிடுவேன்" என்றார்கள். இரண்டு பேர் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பார்களாம். ஒருவர் "மறுநாள் தானாக வந்துவிடும்" என்றார், அதுவும் நிதானமாக. ஏழாவது அம்மா, "விழுங்கியதைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவேன். போகிற வழியில் உங்களைக் கூப்பிடுவேன்" என்றார். சரியான பதில் அதுதான். அந்த பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரம் பட்டு மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

ஆனாலும் அவரை வைத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தப் பதில் இல்லை. பேசி முடித்ததும் மற்ற ஆறு பேரும் சம்பளம், லீவு கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான், தப்பே இல்லை. இவரும் கேட்டார். அதற்குமுன், "அழுதால் நீங்கள் எப்படிச் சமாதானம் செய்வீர்கள்? தோளில் போட்டா, பாட்டா, வெளியே தூக்கிக்கொண்டு போயா?" என்று என்னைக் கேட்டார். நான் முழித்தேன். மனைவி சொன்னாள்.

மல்லிகைப்பந்தல் அவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால், "ஓ, வீட்டிலா" என்று யாரும் சிரிக்க மாட்டார்கள். நானே சிரித்திருக்க மாட்டேன்.

ஏமாந்தவள்_ஒருத்தி

இணையத்தில் தேடுவீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் என் கதை.

விளம்பரம் போட்ட மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவரப்போகும் குடும்பமாம், ஒரே பெண் குழந்தையாம். கேட்டதைவிடக் கூடுதல் சம்பளம். போனில் பேசலாமா என்றால் "பயணத்தில் இருக்கிறோம்". முதல் மாதச் சம்பளத்துக்கு என்று முன்கூட்டியே காசோலை வந்தது, சம்பளத்தைப் போல மூன்று மடங்குத் தொகைக்கு. கூடுதல் பணத்தில் பாப்பாவுக்குத் தொட்டில் வாங்க வேண்டும், கடைக்காரருக்கு இன்றே அனுப்பிவிடுங்கள் என்றார்கள். கணக்கில் பணம் ஏறியதாகக் காட்டியது, அனுப்பிவிட்டேன். எட்டு நாள் கழித்துக் காசோலை செல்லாது என்று வங்கி முழுத்தொகையையும் திருப்பி எடுத்துக்கொண்டது. குடும்பமும் இல்லை, குழந்தையும் இல்லை, கடைக்காரரும் அவர்களேதான்.

கணக்கில் காட்டுவதால் காசோலை தேறிவிட்டது என்று அர்த்தமில்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பதிவுக் கட்டணம், விசா கட்டணம், சீருடைப் பணம், எந்தப் பெயரிலும் வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் தடவை போகும்போது முகவரியை வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கடல்தாண்டி

அந்த வீட்டிலேயே தங்கிப் பார்க்கும் வேலை வந்தால் பத்து தரம் யோசியுங்கள். நான் நான்கு வருடம் இருந்தேன். போன அன்றைக்கே "பத்திரமாக இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நல்ல மனிதர்கள்தான், கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், ஊருக்குப் போக வேண்டும் என்று நின்றபோது சாவி கிடைக்க ஆறு நாள் ஆயிற்று. மேலே சொன்ன 189-இலேயே, அடையாள ஆவணங்களைப் பணியாளர் தன் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

தனி அறை உண்டா, உள்ளே தாழ்ப்பாள் உண்டா, இரவில் பிள்ளை எழுந்தால் யார் எழுந்திருப்பது. இந்த மூன்றையும் கேட்காமல் பெட்டியைத் தூக்காதீர்கள். மூன்றாவதைக் கேட்காமல் போய், நான்கு வருடம் ஒரு முழு இரவு தூங்கியதில்லை.

கணக்குப்புலி

சம்பளம் பேசும்போது எல்லோரும் விடுகிற ஓட்டை ஒன்று.

மணிக்கூலியை மாதச் சம்பளமாக மாற்றும்போது "மாதம் நாலு வாரம்" என்று பெருக்குவார்கள். வாரம் 60 மணி நேர வேலை என்றால் மாதம் 240 என்று வரும். வருடத்துக்கு 52 வாரம். 52-ஐ 12-ஆல் வகுத்தால் நாலேகால் வாரத்துக்கும் கொஞ்சம் மேலே. அதாவது மாதம் 260 மணி நேரம். மாதத்துக்கு 20 மணி நேரம் போகிறது, வருடத்துக்கு 240. வாரக்கணக்கில் நாலு வாரம், சம்பளமே இல்லாமல்!

அவர்கள் ஊருக்குப் போகிற இரண்டு வாரம் உங்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதையும் முதலிலேயே பேசுங்கள். நீங்கள் வரத் தயார், அவர்கள்தான் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். உண்டு என்று எழுதி வாங்கியவர்கள் தப்பித்தார்கள். "பார்த்துச் செய்கிறோம்" என்று கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு பெட்டி இனிப்பு.

மீசைத்தாதி

ஆண் யாராவது இந்த வேலையில் இருக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆறு வருடமாக இருக்கிறேன். இப்போது எட்டு வயதும் ஆறு வயதுமாக இரண்டு பையன்கள். விளம்பரத்தில் முதல் வரியிலேயே ஆண் என்று எழுதிவிடுவேன், வேண்டாம் என்பவர்கள் அங்கேயே விலகிக்கொள்வார்கள், எனக்கும் பஸ் காசு மிச்சம். வீட்டில் கேமரா இருந்தால் நல்லது என்று நானே சொல்கிறேன். எங்கெங்கே இருக்கிறது என்று காட்டிவிடச் சொல்வேன், அவ்வளவுதான். படம் எடுத்து எங்கேயும் போடுவதில்லை, என் சொந்த ஸ்டேட்டஸில்கூட அந்தப் பிள்ளைகள் கிடையாது.

இந்த வேலைக்குப் பெயரே சரியாக இல்லை என்பது என் குறை. ஆயா என்றால் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். நானி என்றால் பெரிய வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கிறது. அகப்பாட்டில் செவிலி என்று அழகான சொல் இருக்கிறது. பெண் காதலனோடு போய்விட்டால் தேடிக்கொண்டு காட்டுவழி அலைகிறவள் அவள்தான். அவளுக்குச் சம்பளம் எவ்வளவு என்று நான் படித்த பாட்டு எதிலும் இல்லை.

மல்லிகைப்பந்தல்

மூன்று வாரமாக வரவில்லை, மன்னிக்கவும். இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்!

தாளில் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. தங்கையிடம் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை, "இதையெல்லாம் நீ செய்ததே எனக்குத் தெரியாதே" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு வந்த வாரத்தை அவள் மறந்தே போயிருந்தாள்.

முதலுதவி வகுப்புக்கும் போய்வந்தேன். செஞ்சிலுவைச் சங்கம் நடத்துகிற வகுப்பு, இரண்டு நாள். பதினெட்டு பேர், நான்தான் வயதில் மூத்தவள். கைக்குழந்தை அளவில் ஒரு ரப்பர் பொம்மை. தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால், ஒரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் திருப்பி, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து. வயிற்றை அழுத்தவே கூடாது, கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவவும் கூடாது. நான் பெரியவனுக்குச் சின்ன வயதில் விரலை விட்டுத்தான் எடுத்தேன். வகுப்பில் அதைச் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

மூச்சு நின்றுவிட்டால் முப்பது அழுத்தலுக்கு இரண்டு ஊதல். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மைக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் வரும், கைக்குழந்தைக்கு நாலு சென்டிமீட்டர் அளவு. எனக்கு முதலில் வரவே இல்லை. பொம்மைதான் என்று தெரிந்தும் கை அழுத்தப் பயப்படுகிறது. இன்னும் பலமாக என்று வகுப்பு எடுத்த பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். டிக் என்று வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்று தெரியவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுக்குப் போகிறேன். பதினான்கு மாதப் பையன். போனிலேயே "எத்தனை மணி நேரம், அதற்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன், ஒரே மூச்சில். அந்தப் பக்கம் இரண்டு நொடி அமைதி. பிறகு "மூன்று மணி நேரம்" என்று சொல்லி, தொகையையும் சொன்னார்கள்.

பதினோரு_பிள்ளைக்காரி

அப்படிப் போடுங்கள் அக்கா!

செவ்வாய்க்கிழமைக்கு ஒன்றே ஒன்று. போனதும் பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டாதீர்கள். பதினான்கு மாதம் என்றால் வேற்றுமுகம் பார்த்து மிரளும் வயது. நீங்கள் தரையில் உட்காருங்கள், அம்மாவோடு பேசுங்கள், பிள்ளையைப் பார்க்காத மாதிரி இருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன் (ஒன்று என்றேன், பரவாயில்லை): ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எப்போது சாப்பிட்டான், எவ்வளவு, எப்போது தூங்கினான், எத்தனை டயபர். மருந்து என்றால், பெற்றவர்கள் அளவும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் கொடுங்கள். "போன தடவை கொடுத்த மாதிரி அரை மூடி" என்று போனில் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் மருந்துக்கு எடைதான் கணக்கு, போன தடவை பிள்ளை வேறு எடையில் இருந்தது.

மல்லிகைப்பந்தல்

வேலை கிடைத்துவிட்டது. திங்கள் முதல் வெள்ளிவரை, ஒன்பதரை மணி நேரம்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கதவைத் திறந்ததுமே பையன் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை. சொன்னபடி தரையில் உட்கார்ந்தேன். அவனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு டப்பா மூடி கிடந்தது, அதை நிமிர்த்தி உருட்டினேன். ஓடிச் சுவரில் முட்டி, சுழன்று சுழன்று விழுந்தது. எடுத்து மறுபடி உருட்டினேன். நாலாவது தடவை அழுகை நின்றது. ஏழாவது தடவை மூடி விழுவதற்கு முன் அவன் அதைப் பிடித்திருந்தான். பிடித்தவன் என்னிடம் தரவில்லை, அம்மாவிடமும் தரவில்லை, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அந்த அம்மா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார்.

அப்புறம் பேசினோம். என் வேலை, என் வேலை இல்லாதது, இரண்டையும் எழுதிக் கேட்டேன். பையனின் துணி உண்டு, வீட்டுத் துணி இல்லை. நேரம் தாண்டினால் அரை மணிக்கு ஒரு கணக்கு. நின்றுவிடச் சொல்வதானாலும் நானே நிற்பதானாலும் ஒரு மாத முன்னறிவிப்பு. கணக்குப்புலி சொன்ன 52 வாரக் கணக்கையும் போட்டேன். பையனின் அப்பா போனில் வகுத்துப் பார்த்துவிட்டு "ஆமாம், சரிதான்" என்றார். கோபப்படவில்லை. அவர்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்குப் பாதிச் சம்பளம்தான் என்றார்கள். முழுதும் கேட்டேன், கிடைக்கவில்லை. ஒத்துக்கொண்டேன்.

"ஆயா வந்தாச்சு பார்" என்று மகனிடம் சொன்னார்கள். எனக்கு என்னவோ போலிருந்தது. "பெரியம்மா என்று சொல்லட்டுமே" என்றேன். அவன் என்ன சொல்லப்போகிறான், இப்போதைக்கு "ம்மா"வும் "பூ"வும்தான்.

நேர்படப்பேசு

வாழ்த்துகள் அம்மா. பாதிச் சம்பளம் என்பது நியாயம்தான் என்று நினைக்கிறேன், இதற்கும் திட்டுவார்கள், பரவாயில்லை.

கணக்குப்புலி

திட்டவில்லை. ஒரு வருடம் கழித்துச் சம்பளம் உயர்த்தும்போது அதையும் சேர்த்துப் பேசச் சொல்கிறேன். அவ்வளவுதான்.

மல்லிகைப்பந்தல்

இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு சந்தேகம். காலையில் ஒரு தூக்கம், மதியம் ஒரு தூக்கம் என்று அட்டவணை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பையன் காலையில் தூங்குவதே இல்லை. தூங்கினால் மதியம் தூங்குவதில்லை. அம்மாவிடம் சொன்னால் "முன்பெல்லாம் தூங்குவானே" என்கிறார். நான் சரியாகத் தூங்க வைக்கவில்லை என்று நினைக்கிறாரோ என்று இருக்கிறது.

பதினோரு_பிள்ளைக்காரி

நினைக்கத்தான் செய்வார். பதினைந்து பதினெட்டு மாத வாக்கில் இரண்டு தூக்கம் ஒன்றாவது வழக்கம், உங்கள் ஆள் கொஞ்சம் முந்திக்கொண்டான். வாயால் விளக்க வேண்டாம். ஒரு வாரம் நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல்

சரி. இன்றைக்கு எழுதியது: 9.50-க்குப் படுக்க வைத்தேன். 10.25 வரை தன் கால் கட்டைவிரலோடு பேசிக்கொண்டிருந்தான். தூக்கம் இல்லை.